401(கே), எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ: ஆண்டுதோறும் மாறும் வரி வரம்புகளுக்கு ஏற்ப உங்கள் பங்களிப்பைத் திருத்தி அமைப்பது எப்படி? 2026க்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர், ஓய்வுக்காலத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் வரிச் சலுகையோடு எவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்பதற்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. இந்த வரம்புகளில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் விலைவாசியோடு ஒப்பிட்டுத் திருத்தப்படுகின்றன. 2026-ஆம் ஆண்டுக்கான ஓய்வூதியத் திட்ட வரம்புகளை வரித்துறையான ஐஆர்எஸ் 2025 நவம்பர் 13 அன்று வெளியிட்டது. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் நவம்பர் 1 அன்றே வந்துவிட்ட இந்த அறிவிப்பு, அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்த அந்த ஆண்டில் ஏறத்தாழ இரண்டு வாரம் தள்ளி வந்தது. பல நிறுவனங்களில், அடுத்த ஆண்டுக்கான சலுகைகளை ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் ஓப்பன் என்ரோல்மென்ட் காலம் அதற்குள் முடிந்தே போயிருந்தது.

அறிவிப்பு வந்ததும், நிறுவனம் வழியாகச் சம்பளத்திலிருந்து சேமிக்கும் ஓய்வூதியத் திட்டமான 401(கே)-யின் வரம்பு 24,500 டாலராக உயர்ந்துவிட்டது என்ற செய்தி எல்லோர் காதிலும் விழுகிறது. ஆனால் வரம்பு உயர்ந்தால் நம் பங்களிப்பும் தானாக உயர்ந்துவிடாது. சென்ற ஆண்டு, சம்பளத்தைக் கையாளும் பேரோல் தளத்தில் நாம் பதிந்துவிட்டு வந்த சதவீதமோ டாலர் தொகையோதான் இந்த ஆண்டும் பிடிக்கப்படும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு வரம்பும் யாருடையது என்ற கேள்வி. சில வரம்புகள் தனி மனிதருக்கானவை, சில அந்தந்த நிறுவனத் திட்டத்துக்கானவை, சில குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒன்றே. வேலை மாறியவர்களும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளும் சிக்கலில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான். ஆகவே இந்த வழிகாட்டி எண்களை அடுக்குவதோடு நிற்காமல், ஒவ்வோர் எண்ணும் யாரைக் கட்டுப்படுத்துகிறது, அதைக் கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதையும் வரிசையாகச் சொல்கிறது.

படி 1: எந்த எண் எப்போது வரும் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

எல்லா வரம்புகளும் ஒரே நாளில் வருவதில்லை. எச்எஸ்ஏ என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் அடுத்த ஆண்டு வரம்பு மே மாதத்திலேயே தெரிந்துவிடும். அதை ஜூன் 1-க்குள் வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மருத்துவச் செலவுக்கென வரிக்கு முன் சம்பளத்திலிருந்து ஒதுக்கும் மருத்துவ எஃப்எஸ்ஏ, அலுவலகப் பயணச் சலுகை போன்றவற்றின் எண்கள் பொதுவாக அக்டோபர் அல்லது நவம்பரில் வருமான வரி அடுக்குகளோடு சேர்ந்து வரும். சோஷியல் செக்யூரிட்டி வரிக்கு உட்படும் சம்பள உச்சத்தைச் சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம் அக்டோபரில் அறிவிக்கும். 401(கே), கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள் போன்றவற்றின் ஊழியர்களுக்கான 403(பி), தனி மனிதர் தாமே தொடங்கும் ஓய்வுக்காலக் கணக்கான ஐஆர்ஏ ஆகியவற்றின் எண்கள் கடைசியாக வருகின்றன.

இவற்றைக் கணக்கிடும் முறையும் வேறுபடுகிறது. 401(கே) வரம்புக்கு 2006-ஆம் ஆண்டின் 15,000 டாலர்தான் அடித்தளம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான நுகர்வோர் விலைக் குறியீட்டை 2005-ஆம் ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டு, கிடைக்கும் விகிதத்தால் 15,000-ஐப் பெருக்கி, வரும் தொகையை 500-இன் மடங்குக்குக் கீழ்நோக்கி முழுமையாக்குகிறார்கள். 2026-க்கு அந்தப் பெருக்கல் 24,600 டாலருக்குச் சற்று மேல் வந்தது. அதனால் வரம்பு 24,500-இல் நின்றது. விடுபட்ட மிச்சம் வீணாவதில்லை. அடுத்த ஆண்டும் கணக்கு அந்த முழுமையாக்கிய தொகையிலிருந்து தொடங்காமல் பழைய 15,000-இலிருந்தே தொடங்குவதால், மிச்சம் சேர்ந்துகொண்டே வந்து ஏதோ ஓர் ஆண்டில் படியேறும். சில வரம்புகள் பல ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தாவுவது இதனால்தான். ஐஆர்ஏ வரம்பு 2024-இலும் 2025-இலும் 7,000 டாலராகவே இருந்து, 2026-இல் 7,500 ஆனது. விலைவாசி குறைந்தாலும் வரம்பைக் கீழே இறக்குவதில்லை. 2009-ஆம் ஆண்டின் 16,500 டாலர் 2010-இலும் 2011-இலும் அப்படியே நீடித்தது.

எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ வரம்புகளுக்குப் பயன்படுத்தும் சங்கிலித் தொடர் விலைக் குறியீடு பொதுவாகக் கொஞ்சம் மெதுவாக ஏறுவது. ஆனால் அவை 50 டாலர் படிகளில் நகர்வதால், ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் சிறிது உயர்கின்றன. விலைவாசியைக் கண்டுகொள்ளாத எண்களும் உண்டு. 55 வயதானவர்கள் எச்எஸ்ஏ-வில் கூடுதலாகச் செலுத்தும் 1,000 டாலர் சட்டத்திலேயே நிலையாக எழுதப்பட்டிருப்பதால் அது மாறுவதில்லை.

படி 2: 401(கே)-யில் உங்கள் சொந்த வரம்பைக் கணக்கிடுங்கள்

24,500 டாலர் என்பது நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்து செலுத்தும் பணத்துக்கு மட்டுமான வரம்பு. உங்கள் பங்களிப்புக்கு இணையாக நிறுவனம் தன் பங்காகத் தரும் மேட்ச் இதில் சேராது. வரிக்கு முன் செலுத்துவதும் ராத் முறையில் வரி கட்டிய பிறகு செலுத்துவதும் சேர்ந்து இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். இது உங்களைத் தொடரும் வரம்பு. ஆண்டுக்குள் எத்தனை நிறுவனம் மாறினாலும், 401(கே)-யும் 403(பி)-யும் இரண்டுமே இருந்தாலும், எல்லாம் சேர்ந்து 24,500தான். அரசு ஊழியர்களுக்கான 457(பி) திட்டத்துக்கு மட்டும் தனியே இன்னொரு 24,500 உண்டு. எனவே இரண்டு திட்டங்களையும் வைத்திருக்கும் அரசு மருத்துவமனை, அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அவர்களில் பலர் இதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஆண்டின் நடுவில் அமெரிக்கா வந்து வேலையில் சேர்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வரம்பு மாதக் கணக்கில் குறைக்கப்படுவதில்லை. ஆகஸ்டில் சேர்ந்தவருக்கும் முழு 24,500 உண்டு. மீதமுள்ள சம்பளங்களில் அவ்வளவு ஒதுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 1,80,000 டாலர் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் என்றால் 26 பேசெக், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6,923 டாலர். 2025-இல் 13 சதவீதம் என்று பதிந்திருந்தால் பேசெக்குக்கு 900 டாலர், ஆண்டு முழுவதும் 23,400. அப்போதைய வரம்பான 23,500-க்கு அது ஏறக்குறைய கச்சிதம். அதே 13 சதவீதத்தை 2026-இலும் அப்படியே விட்டால், சம்பளம் உயராத நிலையில், 1,100 டாலர் வரம்புக்குள் இடமிருந்தும் செலுத்தப்படாமல் போகும். 14 சதவீதமாக மாற்றினால் பேசெக்குக்குச் சுமார் 969 டாலர் பிடிக்கப்பட்டு, கடைசிப் பேசெக்கில் சரியாக வரம்பைத் தொடும். உங்கள் தளம் டாலர் கணக்கை ஏற்குமானால் 24,500-ஐ 26-ஆல் வகுத்து 942.31 என்று பதிவது இன்னும் துல்லியம். மாதம் இரு முறை சம்பளமானால் 24-ஆல் வகுத்து 1,020.83.

படி 3: மேட்ச் பறிபோகாமல் பங்களிப்பைப் பரப்புங்கள்

ஆண்டுத் தொடக்கத்திலேயே பெரிய சதவீதம் போட்டு வரம்பைச் சீக்கிரம் நிரப்பிவிட்டால் பணம் சந்தையில் அதிக நாள் இருக்கும் என்று பலர் அறிவுரை சொல்கிறார்கள். அந்த அறிவுரையை ஏற்பதற்கு முன், உங்கள் நிறுவனம் மேட்சை எப்படிக் கணக்கிடுகிறது என்று அவசியம் பார்க்க வேண்டும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு பேசெக்குக்கும் தனித்தனியாக மேட்ச் தருகின்றன. அந்தப் பேசெக்கில் நீங்கள் எதுவும் செலுத்தாவிட்டால் நிறுவனமும் எதுவும் தராது.

மேலே சொன்ன 1,80,000 டாலர் சம்பளக்காரரின் நிறுவனம், சம்பளத்தில் 6 சதவீதம் வரை அவர் செலுத்துவதில் பாதியைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பேசெக்குக்கு 207.69 டாலர். அவர் ஜனவரியிலிருந்து 25 சதவீதம் என்று பதிந்தால், ஒவ்வொரு பேசெக்கிலும் 1,730 டாலருக்கு மேல் பிடிக்கப்பட்டு, 14 பேசெக்கில் ஏறக்குறைய எல்லாம் முடிந்து, 15-ஆவது பேசெக்கில் மிச்சமிருக்கும் 269 டாலரோடு வரம்பு நிரம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் 11 பேசெக்குகளுக்கும் மேட்ச் கிடையாது. 15-ஆவதிலும் முழு மேட்ச் கிடைக்காது. மொத்த இழப்பு சுமார் 2,350 டாலர். ஆண்டு முடிந்த பிறகு விடுபட்ட மேட்சைக் கணக்குப் பார்த்து ஈடு செய்யும் ஏற்பாடு சில திட்டங்களில் உண்டு. அதை ட்ரூ-அப் என்பார்கள். உங்கள் திட்டத்தில் அது இருக்கிறதா என்பது திட்டச் சுருக்க ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுத்தில் பார்க்காமல் சக ஊழியர் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள். ட்ரூ-அப் இல்லையென்றால், கடைசிப் பேசெக் வரை குறைந்தது மேட்ச் கிடைக்கும் அளவாவது பிடிக்கப்படும்படி சதவீதத்தை அமையுங்கள்.

ஆண்டின் நடுவில் போனஸ் வரும் வீடுகளுக்கு இன்னொரு நினைவூட்டல். போனஸிலிருந்தும் அதே சதவீதம் பிடிக்கப்படுமா, அதற்குத் தனிச் சதவீதம் உண்டா என்பதைப் பேரோல் பிரிவிடம் கேட்டறியுங்கள். மார்ச்சில் வரும் ஒரு பெரிய போனஸ் உங்கள் கணக்கு முழுவதையும் குலைத்துவிடக்கூடும்.

படி 4: 50 வயதைத் தொடுபவர்கள் இரண்டு புதிய விதிகளைப் பாருங்கள்

இந்த ஆண்டின் மிகப் பெரிய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. 2026 டிசம்பர் 31-க்குள் 50 வயது நிறைவடையும் எவரும், அதாவது 1976-இலோ அதற்கு முன்போ பிறந்தவர்கள், 24,500-க்கு மேல் 8,000 டாலர் கேட்ச்-அப் பங்களிப்பு செலுத்தலாம். சென்ற ஆண்டு இது 7,500. பிறந்தநாள் டிசம்பர் கடைசியில் வந்தாலும் ஜனவரி முதலே செலுத்தத் தொடங்கலாம்.

2022-இல் நிறைவேறிய செக்யூர் 2.0 சட்டம், இந்த ஆண்டில் 60, 61, 62, 63 வயதை எட்டுபவர்களுக்கு உயர்ந்த கேட்ச்-அப் வரம்பை அளித்தது. 2026-இலும் அது 11,250 டாலர்தான். 1963 முதல் 1966 வரை பிறந்தவர்கள் இதில் வருகிறார்கள். 1962-இல் பிறந்தவர் இந்த ஆண்டு 64-ஐத் தொடுவதால் மறுபடியும் 8,000 டாலருக்குத் திரும்ப வேண்டும். சென்ற ஆண்டு பதிந்த 11,250-ஐ அப்படியே விட்டுவைத்திருப்பவர்கள் இதை உடனே சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது விதி, சம்பளம் அதிகமுள்ளவர்களின் கேட்ச்-அப் பங்களிப்பு முழுவதும் ராத் முறையில்தான் இருக்க வேண்டும் என்பது. 2024-இலேயே வரவிருந்த இவ்விதி இரண்டு ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. யார் இதில் சிக்குவார்கள் என்பதை அறிய, இப்போது வேலை பார்க்கும் நிறுவனம் 2025-க்குத் தந்த டபிள்யூ-2 என்னும் ஆண்டுச் சம்பள விவரப் படிவத்தில் 3-ஆம் பெட்டியைப் பாருங்கள். அதிலுள்ள தொகை 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் உங்கள் கேட்ச்-அப் ராத் கணக்குக்குப் போக வேண்டும். 1-ஆம் பெட்டியைப் பார்த்து ஏமாறக் கூடாது. 401(கே)-க்கு வரிக்கு முன் செலுத்திய பணம் 1-ஆம் பெட்டியில் கழிக்கப்பட்டிருக்கும். 3-ஆம் பெட்டியில் கழிக்கப்பட்டிருக்காது. 2026-இல்தான் இந்த நிறுவனத்தில் சேர்ந்தீர்கள் என்றால், 2025-இல் இந்த நிறுவனம் உங்களுக்குச் சம்பளமே தரவில்லை என்பதால், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இந்த ஆண்டு விதி உங்களைக் கட்டாது.

இதனால் கையில் வரும் சம்பளம் குறையும். 24 சதவீத அடுக்கில் இருப்பவர் 8,000 டாலரை வரிக்கு முன் செலுத்திவந்து, இப்போது ராத்துக்கு மாறினால் மத்திய வரி மட்டுமே 1,920 டாலர் கூடும். பேசெக்கில் திடீரென்று வரி ஏறியதைப் பார்த்துக் குழம்புகிறவர்களில் பலருக்கு இதுவே காரணம். உங்கள் திட்டத்தில் ராத் வசதியே இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம்: உயர் சம்பளக்காரர் கேட்ச்-அப் செலுத்தவே முடியாது. அப்படிப்பட்ட நிறுவனத்தில் இருப்பவர்கள் மனிதவளப் பிரிவிடம் ராத் வசதியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கையே, தயங்க வேண்டாம்.

படி 5: நிறுவனத்துக்கான எண்கள் உங்களை எங்கே தொடுகின்றன என்று பாருங்கள்

ஊழியரின் பணம், நிறுவனத்தின் மேட்ச், வரி கட்டிய பிறகு செலுத்தும் கூடுதல் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்த மொத்த வரம்பு 2026-இல் 72,000 டாலர். கேட்ச்-அப் இதற்கு வெளியே. இது நிறுவனத்துக்கு நிறுவனம் தனித்தனி. உங்கள் திட்டம் அனுமதித்தால், 72,000-இலிருந்து உங்கள் 24,500-ஐயும் நிறுவனம் தந்ததையும் கழித்து மிஞ்சுவதை வரி கட்டிய பிறகான பங்களிப்பாகச் செலுத்தி, உடனே ராத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நிறுவனம் 10,000 டாலர் தந்தால் இதற்கு 37,500 டாலர் இடம் இருக்கிறது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிபவர்கள் பேசிக்கொள்ளும் மெகா பேக்டோர் ராத் என்பது இதுவே. ஆண்டின் இறுதியில் மேட்ச் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் வரம்பு மீறும் என்பதால், கொஞ்சம் இடம் விட்டே கணக்கிடுங்கள்.

மேட்ச் கணக்கிடுவதற்கு நிறுவனம் எடுத்துக்கொள்ளக்கூடிய சம்பளம் 3,60,000 டாலரோடு நின்றுவிடும். 5,00,000 டாலர் சம்பளம் வாங்குபவருக்கு 4 சதவீதம் என்றால் 20,000 வராது, 14,400தான் வரும்.

இன்னொரு எண், அதிக ஊதியம் பெறும் ஊழியர் என்ற வகைப்பாட்டுக்கான 1,60,000 டாலர். 2025-இல் இதற்கு மேல் சம்பளம் பெற்றவர் 2026-இல் அந்த வகையில் வைக்கப்படுவார். குறைந்த சம்பளக்காரர்கள் 401(கே)-க்குச் சரியாகச் செலுத்தாத சிறு நிறுவனங்களில், பாகுபாடு இல்லையென்று நிரூபிக்கும் ஆண்டுச் சோதனை தோற்றுப்போய், இந்த வகை ஊழியர்களுக்கு அவர்கள் செலுத்திய பணத்தில் ஒரு பகுதி மறு ஆண்டு மார்ச் நடுவில் திரும்பி வந்துவிடும். அந்தப் பணத்துக்கு வரி கட்ட வேண்டும். தவறேதும் செய்யாதவருக்கே இது நேர்கிறது என்பதால், சிறிய நிறுவனத்தில் இருப்பவர்கள் முந்தைய ஆண்டுகளில் இப்படி நடந்திருக்கிறதா என்று விசாரித்து வைப்பது நல்லது.

படி 6: எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ: கணவன் மனைவி சேர்ந்து உட்கார்ந்து கணக்கிடுங்கள்

எச்எஸ்ஏ வரம்பு 2026-இல் தனி நபர் காப்பீட்டுக்கு 4,400 டாலர், குடும்பக் காப்பீட்டுக்கு 8,750 டாலர். 401(கே) போலன்றி, நிறுவனம் போடும் பணமும் இந்த வரம்புக்குள்தான் வரும். நிறுவனம் 1,000 போட்டால் தனி நபருக்கு மிச்சம் 3,400. குடும்ப வரம்பு கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவானது; ஆளுக்கு 8,750 கிடையாது. 55 வயதுக்கு மேற்பட்டவர்களின் கூடுதல் 1,000 மட்டும் அவரவர் பெயரிலுள்ள கணக்கில் தனித்தனியே போட வேண்டும். பேரோல் வழியாகச் செலுத்தினால் வருமான வரியோடு 7.65 சதவீதச் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியும் மிச்சமாகும். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் போட்டால் அந்த மிச்சம் இல்லை. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் மாநில வரியில் எச்எஸ்ஏ சலுகையை ஏற்பதில்லை என்பதையும் அங்கே இருப்பவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

401(கே) போலன்றி இந்த வரம்பு மாதக் கணக்கில் சுருங்கும். ஜூலை 1 முதல் தகுதியான காப்பீட்டில் சேர்ந்தவருக்கு ஆறு மாதத்துக்கு 2,200 டாலர். டிசம்பர் 1 அன்று தகுதியோடு இருந்தால் முழுத் தொகையையும் போட ஒரு விதி அனுமதிக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு முழுவதும் அதே வகைக் காப்பீட்டில் நீடிக்க வேண்டும். வேலை மாறும் எண்ணமிருப்பவர்கள் இந்த விதியை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

மருத்துவ எஃப்எஸ்ஏ-வின் வரம்பு 3,400 டாலர். இது ஊழியருக்கு ஊழியர் தனி. கணவன், மனைவி இருவரின் நிறுவனங்களிலும் இருந்தால் ஆளுக்கு 3,400 ஒதுக்கலாம். ஆண்டு முடிவில் செலவழியாத பணத்தில் 680 டாலர் வரை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லத் திட்டம் அனுமதிக்கலாம். அனுமதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. எனவே கண் கண்ணாடி, பல் மருத்துவம், மாதாந்திர மருந்து என்று நிச்சயமாகத் தெரிந்த செலவுக்கு மட்டும் ஒதுக்குங்கள். ஒருவரின் நிறுவனத்தில் பொதுவான மருத்துவ எஃப்எஸ்ஏ இருந்தால் அது துணைவரின் செலவுகளையும் ஏற்கும். ஆகவே அந்தத் துணைவர் எச்எஸ்ஏ-வுக்குத் தகுதி இழக்கிறார். மனைவி ஒரு நிறுவனத்தில் எஃப்எஸ்ஏ-வைத் தேர்ந்தெடுக்க, கணவன் இன்னொரு நிறுவனத்தில் எச்எஸ்ஏ-வைத் தேர்ந்தெடுக்கும் வீடுகள் ஏராளம். இரண்டு தளங்களும் தகவல் பரிமாறிக்கொள்வதில்லை. யாரும் எச்சரிக்க மாட்டார்கள்.

குழந்தைப் பராமரிப்புக்கான எஃப்எஸ்ஏ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதன் வரம்பு 1986-இல் 5,000 டாலராக எழுதப்பட்டு, விலைவாசியோடு இணைக்கப்படாமலே விடப்பட்டது. 2021-இல் ஒரே ஓர் ஆண்டு 10,500-ஆக உயர்ந்ததைத் தவிர, அது நாற்பது ஆண்டுகளாக அசையவில்லை. டே-கேருக்கு மாதந்தோறும் பணம் கட்டும் எந்தப் பெற்றோரைக் கேட்டாலும் இது எவ்வளவு பெரிய அநீதி என்று சொல்வார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம் 2026 முதல் இதை 7,500 டாலராக உயர்த்தியிருக்கிறது. ஆனால் இப்போதும் விலைவாசியோடு இணைக்கவில்லை. அதனால் இந்த எண் இனி ஆண்டுதோறும் உயரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். இது குடும்பத்துக்கு ஒரே வரம்பு. இருவரும் ஆளுக்கு 7,500 பதிந்துவிட்டால் மீறியதற்கு வரி கட்ட நேரும். தனித்தனியாக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு ஆளுக்கு 3,750. நிறுவனம் தன் திட்ட ஆவணத்தைத் திருத்தினால்தான் புதிய வரம்பு செல்லும் என்பதால், உங்கள் தளத்தில் இன்னும் 5,000 என்றே காட்டினால் மனிதவளப் பிரிவிடம் எழுதிக் கேளுங்கள். என்ரோல்மென்ட் முடிந்த பிறகு இந்தத் தொகையை நினைத்தபோது மாற்ற முடியாது. குழந்தை பிறப்பது, டே-கேர் கட்டணம் மாறுவது போன்ற காரணம் ஏற்பட்டால், திட்டம் இடம் கொடுக்கும்போது, மாற்றலாம்.

பயணச் சலுகையில் ரயில், பேருந்துக்கு மாதம் 340 டாலரும், வாகன நிறுத்தத்துக்குத் தனியே மாதம் 340 டாலரும் ஒதுக்கலாம். நிறுவனம் வரியின்றித் தரும் கல்வி உதவிக்கான 5,250 டாலர் வரம்பு இந்த ஆண்டும் அப்படியே இருக்கிறது. 2027 முதல்தான் அது விலைவாசியோடு இணைகிறது.

படி 7: ஐஆர்ஏ வரம்பையும் வருமான எல்லையையும் சேர்த்துப் பாருங்கள்

நிறுவனத்தின் துணையின்றி நீங்களே தொடங்கும் ஐஆர்ஏ-வில் 2026-க்கு 7,500 டாலர் போடலாம். 50 வயதுக்கு மேல் கூடுதலாக 1,100. இந்தக் கூடுதல் தொகை நெடுங்காலம் 1,000-இலேயே நின்றிருந்தது. விலைவாசியோடு இணைத்த பிறகு இப்போதுதான் முதல் முறையாக உயர்கிறது. 2026-க்கான பணத்தை 2027 ஏப்ரல் 15 வரை செலுத்தலாம்.

ராத் ஐஆர்ஏ-வில் நேரடியாகச் செலுத்தும் உரிமை தனி நபருக்கு 1,53,000 முதல் 1,68,000 டாலர் வருமானத்துக்குள் படிப்படியாகக் குறைந்து மறைகிறது. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 2,42,000 முதல் 2,52,000 வரை. கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தாக்கல் செய்து, ஆண்டில் ஒரு நாளாவது ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் அந்த எல்லை 0 முதல் 10,000 டாலர்தான். துணைவர் ஆண்டின் பாதியை இந்தியாவில் கழித்தவர், தனியாகத் தாக்கல் செய்வதே லாபம் என்று முடிவெடுக்கும் முன் இந்த எல்லையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விலைவாசி எவ்வளவு ஏறினாலும் இது மாறுவதில்லை.

படி 8: சோஷியல் செக்யூரிட்டி வரியின் புதிய உச்சம்

இது சேமிப்பு வரம்பு அன்று. ஆனாலும் கையில் வரும் பணத்தைப் பாதிக்கிறது. 2026-இல் 1,84,500 டாலர் வரையிலான சம்பளத்துக்கு 6.2 சதவீத வரி உண்டு. அதிகபட்சம் 11,439 டாலர். சென்ற ஆண்டின் உச்சமான 1,76,100-ஐவிட இது உயர்ந்திருப்பதால், அந்த அளவுக்கு மேல் சம்பாதிப்பவர் சுமார் 521 டாலர் கூடுதலாகக் கட்டுவார். இந்த எண் விலைவாசியைப் பின்பற்றாமல் தேசிய சராசரி ஊதியத்தைப் பின்பற்றுகிறது. 401(கே)-க்கு எவ்வளவு செலுத்தினாலும் இந்த வரி குறையாது. நடுவில் நிறுவனம் மாறியவரிடம் புதிய நிறுவனம் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து இவ்வரியைப் பிடிக்கும். மிகையாகப் பிடித்ததை ரிட்டர்னில் திரும்பப் பெறலாம்.

படி 9: வேலை மாறினால் மிகைப் பங்களிப்பைத் திருத்துங்கள்

ஜூலையில் வேலை மாறிய ஒருவர் பழைய நிறுவனத்தில் 15,000 டாலர் செலுத்தியிருந்தால், புதிய இடத்தில் அவருக்கு மிச்சம் 9,500 மட்டுமே. புதிய நிறுவனத்தின் பேரோலுக்கு இது தெரியாது. அது தன் பங்குக்கு 24,500 வரை பிடித்துக்கொண்டே போகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே பழைய நிறுவனத்தின் கடைசிப் பேசெக்கில் உள்ள ஆண்டுத் தொகையைப் பார்த்து, புதிய தளத்தில் அதைப் பதிவதற்கு இடமிருந்தால் பதிந்துவிடுங்கள். இல்லையென்றால் மீதித் தொகையைப் பேசெக் எண்ணிக்கையால் வகுத்து டாலராகவே அமையுங்கள்.

மீறிவிட்டது என்று ஆண்டு முடிந்த பிறகு தெரிந்தால், டபிள்யூ-2 படிவங்களின் 12-ஆம் பெட்டியில் உள்ள 401(கே) தொகைகளைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 24,500-ஐத் தாண்டினால், ஏதேனும் ஒரு திட்டத்தின் நிர்வாகியிடம் மிகைத் தொகையையும் அது ஈட்டிய வருமானத்தையும் திருப்பித் தருமாறு எழுதிக் கேட்க வேண்டும். 2026-க்கான மிகை 2027 ஏப்ரல் 15-க்குள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். வரி தாக்கலுக்கு அவகாசம் வாங்கியிருந்தாலும் இந்தத் தேதி நீளாது. நிர்வாகிகள் இதற்குச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் பிப்ரவரியிலேயே எழுதிவிடுங்கள். தேதி கடந்துவிட்டால் அந்தப் பணத்துக்கு 2026-இல் ஒரு முறையும், ஓய்வுக்காலத்தில் எடுக்கும்போது இன்னொரு முறையும் வரி கட்ட நேரும்.

உரிய நேரத்தில் திரும்பி வந்த மிகைத் தொகையை 2026-க்கான ரிட்டர்னில் சம்பள வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும்; அது ஈட்டிய வருமானத்துக்கு மட்டும் கையில் வந்த ஆண்டான 2027-க்குரிய வரி. ஓய்வூதியத் திட்டத்திலிருந்து வெளிவந்த பணத்தைக் காட்டும் 1099-ஆர் படிவம் 2028 ஜனவரியில்தான் வரும் என்பதால், நிர்வாகி அனுப்பும் கடிதத்தில் மிகையும் வருமானமும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதை 2026-க்கான வரிக் கோப்பிலும் 2027-க்கான வரிக் கோப்பிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.